கரன்ட் போனால் தெரியும் கடல் தொட்டியின் லட்சணம்!

மணிமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. முதல் மாடியில் வாடகை வீடு. ஆறு வருடமாக நன்னீர் மீன் தொட்டி வைத்திருக்கிறார். இப்போது மகளுக்கு ‘நீமோ’ வேண்டுமாம். மூன்றடிக் கடல் தொட்டி வைக்கலாம் என்று முடிவெடுத்து விசாரித்திருக்கிறார். கடைக்காரர், “ஆயிரம் லிட்டருக்கான ஸ்கிம்மர் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க, சம்ப் எல்லாம் வேண்டாத செலவு” என்கிறாராம். கூட வேலை பார்க்கும் நண்பரோ, “சம்ப் இல்லாம கடல் தொட்டியில கைவைக்காதே” என்கிறாராம். ‘போனஸ் பணம் கையில் இருக்கிறது, ஒருமுறைதான் செலவு செய்ய முடியும். எது சரி?’ என்பது அவர் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், இரண்டு பேருமே அவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. “நீங்க நைட் ஷிஃப்ட்ல இருக்கும்போது வீட்ல கரன்ட் போனா என்ன ஆகும்?” கடல் தொட்டிக்கு எதை வாங்குவது, எந்த அளவில் வாங்குவது என்பதற்கான பாதி விடை இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. எனவே இந்த வாரம் ஸ்கிம்மரையும் சம்ப்பையும் அந்தப் பக்கத்திலிருந்தே பார்ப்போம்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது?

பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை கட்டும். அம்மா கரண்டியால் அதை வழித்து எடுத்துப் போடுவார். புரோட்டீன் ஸ்கிம்மரும் தொட்டி நீரில் அந்த வேலையைத்தான் செய்கிறது. என்ன, அடுப்புக்குப் பதிலாக இங்கே காற்றுக் குமிழ்கள்.

மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீவனம், செத்த பாசி எல்லாம் நீரில் கரையும்போது புரதம், கொழுப்பு போன்ற பொருட்கள் உண்டாகின்றன. இவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை தண்ணீரை விரும்பும், இன்னொரு முனை தண்ணீரைவிட்டு விலகப் பார்க்கும். ஒரு காற்றுக் குமிழ் கிடைத்துவிட்டால் அதன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான சின்னக் குமிழ்களை ஒரு குழாய்க்குள் விட்டால் அவை அழுக்கைச் சுமந்துகொண்டு மேலேறி, நுரையாகி, மேலே உள்ள கிண்ணத்தில் வழிந்து விழும். கிண்ணத்தில் சேரும் டீ நிறக் கழிவைக் கொட்டிக் கழுவினால் வேலை முடிந்தது. நீர் நாறுவதற்கு முன்பே, அழுக்கு அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அது வெளியே போய்விடுகிறது. ஸ்கிம்மரின் சிறப்பு இதுதான்.

இந்த வேலையைக் கடல் தானாகவே செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். 2019 நவம்பர் கடைசியில் மழைக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கியது நினைவிருக்கிறதா? பட்டினப்பாக்கம் பக்கம் குழந்தைகள் அதில் விளையாடிய படங்கள் எல்லோர் மொபைலுக்கும் வந்தன. தொடாதீர்கள், தோலுக்கு ஆகாது என்று எச்சரிக்கைகளும் வந்தன. மழையில் அடித்து வரப்பட்ட கழிவுநீரும் சோப்பு நீரும் கடல் அலையில் கடையப்பட்டு நுரையாகக் கரையேறிய கதை அது. அந்த இடத்தில் கடலைச் சேரும் அடையாறு, மணிமங்கலம் பக்கத்து மலைப்பட்டு ஏரியில் தொடங்குவதாகச் சொல்லப்படுவது. அதாவது, வாசகருடைய ஊர் நீர் போய்ச் சேரும் இடத்தில் கடலே ஒரு பெரிய ஸ்கிம்மராக மாறிக் காட்டியது.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உப்பு நீரில்தான் குமிழ்கள் சின்னதாக, ஒன்றோடு ஒன்று சேராமல் நிற்கும். நன்னீரில் அவை சட்டென்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். அதனால், கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள்.

சம்ப் என்றால் என்ன?

சென்னைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாசலில் மூடி போட்டிருக்கும் சம்ப், மொட்டைமாடியில் டேங்க், நடுவே மோட்டார். மீன் தொட்டி சம்ப்பும் அதே ஏற்பாடுதான். மேல் தொட்டியிலிருந்து நீர் தானாகக் குழாய் வழியே கீழே உள்ள கண்ணாடிப் பெட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகி, பம்ப் மூலம் மறுபடி மேலே ஏறும்.

கீழ்ப் பெட்டிக்குள் தடுப்புக் கண்ணாடிகள் வைத்து மூன்று அறைகள் பிரிப்பார்கள். முதல் அறையில் நீர் வந்து விழும், அங்கே வடிகட்டித் துணிப்பையும் ஸ்கிம்மரும் இருக்கும். நடு அறை, குமிழ்கள் அடங்குவதற்கு. கொஞ்சம் பெரிய சம்ப் என்றால் அங்கே கடல் பாசி வளர்க்கலாம், அது நைட்ரேட்டைத் தின்னும். கடைசி அறையில் நீரை மேலே ஏற்றும் பம்ப்.

இதனால் நான்கு லாபம். மொத்த நீரின் அளவு கூடுவதால் சின்னத் தவறுகளைத் தொட்டி தாங்கிக்கொள்ளும். ஸ்கிம்மர், ஹீட்டர், பம்ப் எல்லாம் கண்ணில் படாமல் கீழே போய்விடும். மேல் தொட்டியின் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் முதலில் கீழே இறங்கும். ஆவியாகும் நீரின் இழப்பு மேல் தொட்டியில் தெரியாமல், கடைசி அறையில் மட்டும் தெரியும்.

சம்ப் கட்டாயமா? இரண்டடிக்குள் உள்ள சின்னத் தொட்டி, இரண்டே மீன்கள் என்றால், பின்பக்கம் மாட்டும் ஸ்கிம்மரும் வாராவாரம் நீர் மாற்றுவதும் போதும். மூன்றடி என்றால் சம்ப் வைப்பது நல்லது. ஆனால், தப்பான அளவில் வைத்த சம்ப்பைவிடச் சம்ப் இல்லாத தொட்டியே மேல். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சென்டிமீட்டருக்கு நாலு லிட்டர்

மூன்றடித் தொட்டியின் அளவு 90 × 45 × 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு 4,050 சதுர செ.மீ. அப்படியென்றால் மேல் தொட்டியில் நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 4 லிட்டர் கீழே போகிறது.

சம்ப் 60 × 35 × 35 செ.மீ. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் 22 செ.மீ. உயரத்துக்கு நீர் நிற்கிறது. மேலே காலியாக இருப்பது 13 செ.மீ. லிட்டரில் சொன்னால் 27.

இப்போது கரன்ட் போகிறது. பம்ப் நின்றுவிட்டது. மேலிருந்து நீர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எதுவரை இறங்கும்? வழிந்தோடும் பல்வரிசையின் அடிவரை ஒரு வழி. பலரும் மறப்பது இரண்டாவது வழி. பம்ப் நீரை மேலே விடும் குழாய் இருக்கிறதே, அதன் வாய் நீருக்குள் முங்கியிருந்தால் அதே குழாய் இப்போது எதிர்த்திசையில் நீரை உறிஞ்சிக் கீழே தள்ளும். கேனிலிருந்து டியூபில் வாய் வைத்து இழுத்துவிட்டால் நீர் தானாக இறங்குமே, அதே சங்கதி.

குழாய் வாய் 2 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 8 லிட்டர் இறங்கும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது ஒரு 5 லிட்டர். ஆக 13. சம்ப்பில் 27-க்கு இடம் இருக்கிறது, நிம்மதி. அதே வாய், ‘அடியில நீரோட்டம் நல்லா இருக்கட்டும்’ என்று 10 செ.மீ. ஆழத்தில் வைக்கப்பட்டிருந்தால்? 40 லிட்டரும் அந்த 5 லிட்டரும். இடம் 27-க்குத்தான். மிச்சம் 18 லிட்டர் உப்புத் தண்ணீர் ஹால் தரையில். மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக் கூரையிலும்.

இதற்கு மூன்று பாதுகாப்புகள். குழாய் வாயை மேற்பரப்பையொட்டியே வையுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே அந்தக் குழாயில் 3, 4 மி.மீ. அளவில் ஒரு துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அதன் வழியே காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். பாசி அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை அந்தத் துளையைக் குச்சியால் குத்திவிட வேண்டும். நீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. உப்புப் படிந்தோ, ஒரு குட்டி நத்தை சிக்கியோ அது மூடாமல் போகும் நாள் ஒன்று வரும்.

அளவுகளை எழுதிக் கணக்குப் போடப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி. மீன் விடுவதற்கு முன், வெறும் நீர் நிரப்பி எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். பம்ப் சுவிட்சை அணையுங்கள். மேலிருந்து இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடியட்டும். இப்போது சம்ப்பில் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நீர் இருக்கும்படி சரிசெய்யுங்கள். பம்ப்பைப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் மட்டம் நிலைக்கும். கடைசி அறையில் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. ‘இதற்கு மேல் ஊற்றக் கூடாது’ என்று பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். இதே சோதனையை வேறு வேறு நேரங்களில் நாலைந்து முறை செய்துபாருங்கள்.

துளையா, தொங்கும் பெட்டியா?

மேல் தொட்டியிலிருந்து நீரை இறக்க இரண்டு வழிகள். கண்ணாடியில் துளை போட்டுக் குழாய் மாட்டுவது ஒன்று. தொட்டியின் ஓரத்தில் பெட்டியைத் தொங்கவிட்டு வளைந்த குழாய் மூலம் உறிஞ்சி இறக்குவது இன்னொன்று. இரண்டாவதில் துளை போடும் வேலை இல்லை என்பதால் பலரும் அதைத் தேடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல். கரன்ட் போய் வரும்போது வளைந்த குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் நீர் கீழே இறங்காது. பம்ப் மட்டும் கீழே உள்ளதையெல்லாம் மேலே ஏற்றும். இந்த முறை மேல் தொட்டி வழியும். அடிக்கடி கரன்ட் போய் வரும் இடத்தில் துளை போட்ட தொட்டிதான் பாதுகாப்பு. முடிந்தால் இரண்டு துளைகள். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று கைகொடுக்கும்.

துளை போடச் சொல்வதற்கு முன் அது டஃபன்டு கண்ணாடியா என்று கேட்டுவிடுங்கள். டஃபன்டு கண்ணாடியில் ட்ரில் வைத்தால் தூள்தூளாகிவிடும். பழைய தொட்டியின் அடிக்கண்ணாடி சில நேரம் அப்படி இருக்கும்.

சம்ப்பைக் கண்ணாடிக் கடையிலேயே அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் வேண்டாம், மீன் தொட்டிக்கானதையே கேளுங்கள்.

பெட்டியில் எழுதிய எண்ணை எப்படிப் படிப்பது?

இப்போது ஸ்கிம்மர். முனையில் ஊசி ஊசியாகப் பற்கள் கொண்ட சக்கரம் காற்றைச் சிதறடிக்கும் வகைதான் இன்று பரவலாகக் கிடைக்கிறது. பழைய மரக்கட்டைக் காற்றுக்கல் வகையும் வேலை செய்யும், ஆனால் கட்டையை அடிக்கடி மாற்ற வேண்டும்.

‘1,000 லிட்டர் வரை’ என்று அட்டைப்பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான எண். சில நிறுவனங்கள் குறைந்த சுமை, நடுத்தரச் சுமை, அதிகச் சுமை என்று மூன்று எண் கொடுப்பார்கள். அதில் மூன்றாவதைப் பாருங்கள். ஒரே ஒரு எண்தான் இருக்கிறதென்றால் அதில் பாதியை எடுத்துக்கொள்வது நடைமுறைக் கணக்கு. நம் வாசகரின் தொட்டியில் கற்களின் இடம் போக, சம்ப்பையும் சேர்த்துச் சுமார் 190 லிட்டர் நீர் இருக்கும். அவருக்கு ‘400 லிட்டர்’ என்று எழுதிய ஸ்கிம்மர் தாராளம்.

அப்படியானால் 1,000 லிட்டர் ஸ்கிம்மர் இன்னும் நல்லதுதானே? இல்லை. ஸ்கிம்மரின் கழுத்தில் நுரை நிலைத்து நிற்க நீரில் போதுமான அழுக்கு வேண்டும். இரண்டு மூன்று மீன்கள் உள்ள தொட்டியில் பெரிய ஸ்கிம்மரை வைத்தால் நுரை பாதிவழியில் உடைந்து உடைந்து விழும். ஒருநாள் ஒன்றும் வராது, ஒருநாள் பொங்கி வழியும். கூடுதல் பணம், கூடுதல் கரன்ட், கூடுதல் சத்தம்தான் மிச்சம்.

கடைக்குப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். பார்க்க வேண்டியவை இவை:

• ஸ்கிம்மரின் அடிப்பகுதி சம்ப்பின் முதல் அறையில் உட்காருமா?

• அது எவ்வளவு ஆழ நீரில் நிற்க வேண்டும்? மாடலைப் பொறுத்து 15 முதல் 22 செ.மீ. வரை கேட்கும். அறையில் ஆழம் அதிகமென்றால் கீழே முட்டுக்கொடுக்கலாம். குறைவென்றால் தடுப்புக் கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். எனவே முதலில் ஸ்கிம்மரை முடிவு செய்துவிட்டு அப்புறம் சம்ப்புக்கு அளவு கொடுங்கள்.

• ஸ்டாண்டுக்குள் கிண்ணத்தை மேலே தூக்கி எடுக்க இடம் இருக்குமா? ஸ்கிம்மர் 45 செ.மீ. என்றால் மேலே இன்னும் 10, 15 செ.மீ. வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கினால் கிண்ணம் கழுவ ஒவ்வொரு முறையும் ஸ்கிம்மரையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பிறகு கழுவுவதையே விட்டுவிடுவோம்.

• பம்ப்பின் உள்சக்கரம் தனியாக இங்கே கிடைக்கிறதா? உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கும்படி ஆகக் கூடாது.

ஸ்கிம்மரைச் சம்ப்பின் கடைசி அறையில் வைக்காதீர்கள். அங்கே நீர்மட்டம் தினமும் இறங்கும். ஸ்கிம்மருக்கு நிலையான மட்டம் வேண்டும். முதல் அறையில்தான் அது கிடைக்கும்.

புது ஸ்கிம்மர் முதல் நாளே வேலை செய்யாது. தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப்பசை போக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ‘மோசமான மாடல்’ என்று அதற்குள் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலும் சில மணி நேரம் நுரை அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். கழுத்தில் ஒட்டும் பசையை வாரம் இருமுறை துடைத்தால் போதும், நுரை ஒழுங்காக ஏறும்.

கொசுவத்திக்கும் ஸ்கிம்மருக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கிம்மர் உறிஞ்சுவது நம் அறையின் காற்றை. அதைப் பொடிப்பொடிக் குமிழாக்கி நாள் முழுக்க நீருக்குள் கலக்குகிறது. அறையில் கொசு மருந்து லிக்விட் எரிந்தாலோ, கரப்பான் ஸ்பிரே அடித்தாலோ அதையும் சேர்த்துத்தான் கலக்கும். இவற்றில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை மருந்துகள். நமக்கு அவ்வளவு பாதிப்பு இல்லாத அளவும் மீனுக்கும் இறாலுக்கும் விஷம். ஏரி பக்கத்தில் இருக்கும் ஊரில், மழைக்காலத்தில் கொசு மருந்து இல்லாமல் தூங்க முடியாது என்பது புரிகிறது. அதற்கு வழி உண்டு. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் நீளமான டியூபை மாட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அல்லது தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகலாமா?

நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த நீருக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மூன்றடித் தொட்டியில் வெயில் காலத்தில், மேலே ஃபேன் ஓடினால், தினமும் 4 லிட்டர்கூடக் குறையலாம். சம்ப்பின் கடைசி அறை 15 × 35 செ.மீ. என்றால் 4 லிட்டருக்கு அங்கே மட்டம் 8 செ.மீ. இறங்கும். 22-ல் தொடங்கி இரண்டே நாளில் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். மூன்று நாள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பம்ப் எரிந்திருக்கும்.

மேலே ஒரு கேனில் நன்னீர் வைத்து, மிதவை வால்வு மூலம் தானாக இறங்கும்படி செய்யலாம். மாடி டேங்க்கில் இருக்கும் மிதவையின் தம்பிதான் அது. இங்கேயும் பழைய கணக்கை மறக்கக் கூடாது. சம்ப்பில் 27 லிட்டர் இடம். கரன்ட் போனால் 13 இறங்கும். மிச்சம் 14. மிதவை சிக்கிக்கொண்டு கேன் முழுக்க இறங்கினாலும் வழியக் கூடாது என்றால் கேன் 10 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. 20 லிட்டர் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

என்ன நீர் ஊற்றுவது? நம் பக்கத்து போர் நீர் வேண்டாம். அதிலுள்ள உப்புகளும் சிலிக்கேட்டும் பாசிக்குத் தீனி. ஆர்.ஓ. நீர்தான் நல்லது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் வசதி இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். கேன் நீரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு அளந்து ஊற்றுங்கள். கடல் உப்புக் கலவை லிட்டருக்கு 35 கிராம். 190 லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. சிலர் கோவளம் பக்கம் போய்க் கடல் நீரையே கேனில் கொண்டுவருகிறார்கள். அப்படிச் செய்தால் ஆற்று முகத்துவாரத்தின் பக்கமும், மழை நாட்களிலும் எடுக்கவே கூடாது. 2019 நுரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எதை விடலாம்?

இது ரசனை சார்ந்தது மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. ‘ராமநாதபுரத்துலேர்ந்து வந்த லைவ் ராக், ஒரிஜினல்’ என்று யாராவது ஒரு கல்லைக் காட்டினால் அது பவளப்பாறையின் துண்டாக இருக்கலாம். தொடாதீர்கள். செயற்கையாகச் செய்த கல்லே போதும். ஒன்றரை மாதம் ஓடினால் நன்மை செய்யும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும்.

மகள் கேட்ட ‘நீமோ’வுக்குத் தடையில்லை. நம் ஊரில் அதன் பெயர் கோமாளி மீன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. கொளத்தூர் போன்ற சந்தையில் வாங்கும்போது ‘கடலில் பிடித்ததா, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததா?’ என்று கேளுங்கள். வளர்ப்பு மீன் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும், கடலிலும் ஒன்று குறையாது. 190 லிட்டருக்கு ஒரு ஜோடிக் கோமாளி மீன், கூடவே ஒன்றிரண்டு சின்ன மீன்கள். நீலநிற ‘டோரி’ வேண்டாம், அது வளர்ந்து நீந்த மூன்றடி போதாது.

பணத்தை எந்த வரிசையில் செலவு செய்வது?

வாசகரின் போனஸுக்கு வருவோம். கண்ணாடித் தொட்டி கண்ணைக் கவரும், அதனால் முதலில் அதற்குப் பணம் போய்விடும். வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

முதலில், இடம். நீர், கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். நாலைந்து பேர் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பது மாதிரி. சுவரை ஒட்டி வையுங்கள். வீட்டு உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டடம் பழையது என்றால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது, மின் பாதுகாப்பு. உப்பு நீரும் கரன்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகின்றன. தொட்டியின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எலக்ட்ரீஷியன் மாட்டிக்கொடுப்பார். வயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். ஈரம் வழிந்தால் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

மூன்றாவது, கரன்ட் போனால் ஆக்சிஜன். வெதுவெதுப்பான உப்பு நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. பம்ப்பும் ஸ்கிம்மரும் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். இரண்டும் சேர்ந்து 30 வாட் என்று வைத்தால், 150 ஆம்பியர் பேட்டரி உள்ள வீட்டு இன்வெர்ட்டர் அதை மட்டும் ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். கூடவே ஒரு ஃபேனும் விளக்கும் ஓடினாலும் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று கட்டாயம்.

நான்காவதுதான் ஸ்கிம்மர். ஐந்தாவது, அதன் அளவுக்கேற்ற சம்ப். ஆறாவது, மேல் தொட்டி. ஏழாவது மீன். ஐந்தாவதுவரை வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும்போல் தெரிந்தால், இந்த வருடம் மூன்றடி வேண்டாம். இரண்டடித் தொட்டி, பின்பக்கம் மாட்டும் ஸ்கிம்மர், ஒரு ஜோடிக் கோமாளி மீன் என்று தொடங்குங்கள். மகளுக்கு நீமோ நீமோதான், அடிக்கணக்கு அவளுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. தொட்டி உங்களுடையதாக இருக்கலாம். நீங்கள் ஷிஃப்ட்டில் இருக்கும்போது கரன்ட் போனால் அதன் முன்னால் நிற்கப்போவது வீட்டில் இருப்பவர்கள். ஸ்டாண்டு கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்:

1. கரன்ட் போனால் ஸ்கிம்மர் சுவிட்சை அணைக்கவும்.

2. இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்றால் பேட்டரி காற்று பம்ப்பைப் போடவும்.

3. தீவனம் போட வேண்டாம்.

4. கரன்ட் வந்ததும் முதலில் பெரிய பம்ப். பத்து நிமிடம் கழித்து, கிண்ணத்தைக் கொட்டிவிட்டு ஸ்கிம்மர்.

5. தரையில் ஈரம் இருந்தால் எதையும் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு போன் செய்யவும்.

மீன் வாங்கும் நாளுக்கு முன்பாக, நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொள்ள, வீட்டில் உள்ள வேறு யாராவது அந்தத் தாளைப் பார்த்து ஐந்தையும் ஒருமுறை செய்துகாட்டட்டும். உங்களைக் கேட்காமல் அவர்களால் செய்ய முடிந்தால், மீன் வாங்கப் போகலாம்.